நிறைநாழியும் நிரம்பிய இலையும்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையத்தில் நடந்த என் தங்கை திருமணத்தில் கண்ணேறு கழிக்கச் செஞ்சோற்றைச் சுற்றி எறிந்ததையும் நிறைநாழியில் நெல் குவித்ததையும் பார்த்த வெளியூர்த் தோழர்கள், உணவை இப்படி வீணாக்கலாமா என்று கேட்டார்கள். இந்தச் சீர்களை விட்டுவிடத்தான் வேண்டுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தோழர்களின் கவலை நியாயமானது. 2022இல் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் 2024ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆனால் அவர்கள் பார்த்த இடம்தான் தவறு. சீர்களை நடத்திவைக்கும் அருமைக்காரர் சுற்றிப் போடும் சோறு ஒரு கைப்பிடிக்கு மேல் இராது. நிறைநாழி நெல்லை யாரும் குப்பையில் கொட்டுவதில்லை. நாழி என்பதே ஓர் அளவின் பெயர். சீரில் எல்லாவற்றுக்கும் அளவு உண்டு.

அளவு இல்லாதது பந்தியில்தான். அண்மையில் பெருந்துறைச் சாலை மண்டபம் ஒன்றில், ஆட்கள் உட்காருவதற்கு முன்பே இலை நிறையப் பதார்த்தங்களை வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் அமர்ந்த பெரியவருக்குச் சர்க்கரை நோய். ஜாங்கிரியையும் ஒப்பிட்டையும் இலையோரம் ஒதுக்கிவிட்டு, ரசஞ்சோறு மட்டும் உண்டு இலையை மடித்தார். தொடாத இரண்டு இனிப்பும் அதற்குள்ளேயே போயின. வேண்டுமா என்று அவரைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை, ஏனெனில் அடுத்த பந்திக்கான கூட்டம் எங்கள் நாற்காலிகளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது. முதல்நாள் இரவே மொய் வைத்து உண்டுவிட்டுப் போகிறவர்களில் பலர் காலையில் வருவதில்லை என்று தெரிந்தும், சோறு பற்றாமல் போனால் மானம் போய்விடும் என்ற அச்சத்தில் இரண்டு வேளைக்கும் ஒரே இலைக்கணக்கைச் சமையற்காரரிடம் சொல்லிவிடுகிறோம்.

அந்தக் காலத்தில் எதுவும் வீணாகவில்லை என்று பெருமை பேசவும் எனக்கு மனமில்லை. எல்லோரும் உண்டு முடித்த பிறகு மிச்சத்துக்காகச் சிலரைப் பந்தலுக்கு வெளியே காக்க வைத்திருந்தோம். அது சிக்கனமன்று, சாதி.

அடுத்து உங்கள் வீட்டில் விசேஷம் வந்தால் செஞ்சோற்றில் கை வைக்காதீர்கள். ஆட்கள் அமர்ந்த பின்பே இலையில் பரிமாற வேண்டும், இனிப்பைத் தட்டில் எடுத்து வந்து கேட்டுக் கேட்டு வைக்க வேண்டும் என்று சமையற்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். பரிமாற நான்கு ஆள் கூடுதலாக வேண்டும் என்பார். அந்தக் கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள்.