ஜேர்மனியில் தோட்டத்தில் நட்ட பனை இனத்து மரத்தைப் பனிக்காலத்தில் எப்படிக் காப்பாற்றுவது?

டோர்ட்முண்ட் பக்கம் வீடு வாங்கி, தோட்டக் கடையில் எடுத்த ஒன்றரை மீற்றர் மரத்தை முற்றத்தில் நட்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஓலை பனையோலை மாதிரி, தண்டு முழுக்கத் தும்பு. மைனஸ் 17 பாகை வரை தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அயல்வீட்டுக்காரர் பிளாஸ்ரிக்கால் சுற்றச் சொல்கிறார். எதைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

இரண்டையும் கேட்காதீர்கள். அட்டையை நம்பி அப்படியே விட்டாலும் மரம் சாகலாம். பிளாஸ்ரிக் சுற்றினால் அதைவிடச் சுலபமாகச் சாகும். நான் அப்படி ஒன்றைச் சாகவிட்டவன்.

2014இல் நட்ட மரம் அது. மூன்று பனிக்காலம் பெரிதாக ஒன்றும் செய்யாமலே தாண்டியது. 2017 கார்த்திகையில், இந்த முறை நன்றாகப் பார்த்துக்கொள்வோம் என்று, அடி முதல் நுனி வரை தடித்த பிளாஸ்ரிக் தாளால் சுற்றி, மேலே மூட்டை மாதிரிக் கட்டி விட்டேன். 2018 பெப்ரவரி கடைசியில் கிழக்கிலிருந்து கடுங்குளிர் வந்தபோது, நல்ல வேளை சுற்றி வைத்தோம் என்றுதான் நினைத்தேன். மார்ச் நடுவில் கட்டை அவிழ்த்தேன். உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர். ஓலைகள் பச்சையாகவே இருந்தன. ஆனால் புளித்த பழம் மாதிரி ஒரு மணம். நடுவில் விரியாமல் நின்ற குருத்தோலையைத் தொட்டுப் பார்த்தேன். இழுக்கக்கூட இல்லை, கையோடு வந்துவிட்டது. அதன் அடி கபில நிறத்தில் குழைந்து போயிருந்தது.

அன்றிரவு ஊருக்கு ரெலிபோன் எடுத்து அப்பாவுக்குச் சொன்னேன். அவருக்கு ஜேர்மன் குளிரும் தெரியாது, இந்த மரத்தின் பெயரும் தெரியாது. கேட்டதெல்லாம் ஒரு கேள்விதான்: "குருத்துக்குள்ள தண்ணி நிண்டதோ தம்பி?"

எங்கள் ஊரில் தென்னை வைத்த எல்லோருக்கும் தெரிந்த விஷயம் இது. காண்டாமிருக வண்டு ஓலையைத் தின்றால் யாரும் அழுவதில்லை, குருத்துக்குள் இறங்கினால்தான் பயம். மாவுக்கும் வேம்புக்கும் கிளை முறிந்தால் பக்கத்தில் துளிர்க்கும். பனை, தென்னை, ஈச்சை இனத்துக்கு உச்சியில் ஒரே ஒரு வளர்முனை. வரப்போகும் ஓலை அத்தனையும் அந்த ஒரு இடத்திலிருந்துதான் வரவேண்டும். அது அழுகினால் மரம் முடிந்தது. ஊரில் மழைக்காலத்தில் வரும் குருத்தழுகலும் இங்கே பனிக்காலம் கழிந்து வருவதும் ஏறக்குறைய ஒரே சாவுதான். இங்கே குருத்துக்குள் நிற்கும் தண்ணீர் உறைந்து இளம் திசுவைக் கிழிக்கிறது, பிறகு சூடு வரும்போது கிழிந்த இடத்தில் பூஞ்சணமும் பக்டீரியாவும் புகுகின்றன. அதனால்தான் குளிர் அடித்த ஜனவரியில் ஒன்றும் தெரியாது. மார்ச், ஏப்ரலில் திடீரென்று சாகும்.

ஆகவே நான் செய்வதெல்லாம் ஒரு நோக்கத்துக்காகத்தான்: குருத்து நனையக்கூடாது, நனைந்தால் காயவேண்டும். ஓலை கருகினால் கருகட்டும்.

முதலில் உங்கள் மரம் எது என்று உறுதிப்படுத்துங்கள். விசிறி ஓலை, பன்னாடை சுற்றினாற்போல் தும்பு மூடிய தண்டு என்றால் அது பெரும்பாலும் இங்கே ஹான்ஃப்பால்மெ என்று விற்கும் ட்ராக்கிகார்பஸ் ஃபோர்ச்சூனி. சீனாவின் மலைப்பக்கத்து மரம், பனி கண்ட இனம். 1840களில் அங்கே அலைந்த ரொபேர்ட் ஃபோர்ச்சூன் என்ற ஸ்கொட்லாந்துக்காரரின் பெயர்தான் அதில் ஒட்டியிருக்கிறது. அதன் தும்பில் அங்கத்தைய விவசாயிகள் மழைக்கு மேலங்கி செய்து போட்டார்கள். அந்தத் தும்பை அழகுக்காக உரித்து எடுக்காதீர்கள், தண்டுக்கு அது போர்வை. ஓலை தென்னோலை மாதிரிச் சீப்பாக இருந்தால் அது கனேரித் தீவுப் பேரீச்சையாக இருக்கலாம். மைனஸ் 5, 6இலேயே அதற்குக் கருகத் தொடங்கும். சாடியில் வைத்து உள்ளே எடுப்பதுதான் வழி. கடையில் தேங்காயோடு முளைத்து விற்கும் தென்னம்பிள்ளையை வெளியே நடும் ஆசையே வேண்டாம். 10 பாகைக்குக் கீழே போனாலே அது ஒடுங்கிவிடும்.

அட்டையில் போட்ட மைனஸ் 17 பொய் என்று சொல்லமாட்டேன். நன்றாக வேரோடிய வளர்ந்த மரம், காய்ந்த குளிரில், ஓரிரு இரவுக்குத் தாங்கும் கணக்கு அது. உங்கள் மரம் இந்த வருஷம் நட்டது. ஈரக் குளிரில் நாள் கணக்காக நின்றால் மைனஸ் 10கூட அதற்கு அதிகம்.

இப்போது செய்யவேண்டியது. ஓகஸ்ட்டுக்குப் பிறகு தழைச்சத்து உரம் போடாதீர்கள். இளசாக வளர்ந்த ஓலைதான் முதலில் அடிபடும். கோடை கடைசியில் பொட்டாசியம் உள்ள உரம் கொஞ்சம் கொடுத்தால் திசு முற்றும். இலையுதிர் காலத்தில் தோட்டத்தில் விழும் சருகை வீசாமல் அடியைச் சுற்றி ஒரு முழ உயரத்துக்குக் குவியுங்கள். அந்தச் சருகுக்குள் உறைபனி இறங்க நாள் எடுக்கும். நிலம் உறையுமுன் ஒருமுறை நன்றாகத் தண்ணீர் விடுங்கள். பனிக்காலத்தில் தண்ணீரா என்று என் மனைவி கேட்டார், பலரும் கேட்பார்கள். நிலம் கல்லாக உறைந்திருக்கும்போது வெயிலும் கீழைக்காற்றும் ஓலையிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும், வேரால் குடிக்க முடியாது. குளிரில் செத்தது என்று நாம் நினைக்கும் ஓலைகளில் பாதி தாகத்தில் காய்ந்தவை.

டிசம்பருக்கு முன் சுற்றாதீர்கள். லேசான உறைபனி இரண்டு மூன்று பட்டால் மரம் தானாகவே குளிருக்குப் பழகும். மைனஸ் 6, 7 வரைக்கும் நான் குருத்துக்கு மேலே மழை விழாமல் ஒரு கூரை மட்டும் வைப்பேன். நான்கு தடி ஊன்றி, மேலே சரிவாக ஒரு இரட்டைச் சுவர்ப் பொலிகார்பனேற் தகடு. பக்கங்கள் திறந்தே இருக்கும், காற்று போய் வரும். பார்க்க வடிவாக இராது. ஆனால் ஒரேயொரு வேலைதான் உங்களால் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள், மற்றதை விடுங்கள்.

மைனஸ் 8க்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால் ஓலைகளை மேலே சேர்த்துக் கட்டுவேன். தும்புக் கயிறு, கீழிருந்து மேலே, தளர்வாக. இறுக்கினால் மட்டை முறியும். அதன் மேல் தோட்டக் கடையில் ஃப்ளீஸ் என்று விற்கும் வெள்ளைத் துணி இரண்டு மூன்று சுற்று. அது மூச்சு விடும். பிளாஸ்ரிக் விடாது, என் முதல் மரத்துக்கு நடந்தது அதுதான். அடுத்த நாள் சூடு வந்தால் அவிழ்க்கவேண்டும், ஆகவே சுலபமாக அவிழும் முடிச்சாகப் போடுங்கள்.

மைனஸ் 12க்குக் கீழே போர்வை மட்டும் போதாது, ஏனென்றால் மரத்துக்கு நம்மைப்போல் உடம்புச் சூடு இல்லை. போர்வை குளிரைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். உள்ளே சூடு கொடுக்கவேண்டும். நான் பாவிப்பது பழைய வகைக் கயிற்று விளக்கு, உள்ளே இழைக் குமிழ் உள்ளது. 6 மீற்றருக்கு ஏறக்குறைய 100 வொற். எல்ஈடி வாங்கி ஏமாறாதீர்கள். அது வெளிச்சம் தரும், சூடு தராது. இழை விளக்கு இப்போது கிடைப்பது கஷ்டம், கிடைக்காவிட்டால் செடிகளுக்கென்று விற்கும் வெப்பக் கம்பி வாங்கலாம். குளிர் இறங்கியதும் தானாகவே எரிந்து, சூடானதும் அணையும் வெப்பநிலைச் சொருகி ஒன்றை மின்சார இணைப்புக்கும் விளக்குக்கும் நடுவில் போடுங்கள். எல்லாமே வெளியில் பாவிக்கக்கூடிய தரத்தில் இருக்கவேண்டும். விளக்கைத் தும்பில் ஒட்டிச் சுற்றவேண்டாம், காய்ந்த தும்பு சட்டென்று தீப்பிடிக்கும். ஓலைக் கட்டின் வெளிப்பக்கம் இடைவெளி விட்டுச் சுற்றி, துணி படாமல் பாருங்கள். பத்து மணி நேரம் எரிந்தால் ஒரு கிலோவொற் மணி, அரை யூரோவுக்குள் அடங்கும்.

இந்த ஏற்பாடு முழுக்கவும் எனக்கு ஒரே ஒரு முறைதான் தேவைப்பட்டது. 2021 பெப்ரவரி. 7ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எங்கள் வெஸ்ற்ஃபாலியாப் பகுதி முழுக்க வெண்பனிக்குள். கதவைத் திறந்தால் முழங்காலுக்கு மேலே. 2018 மே மாதம் நட்ட இரண்டாவது மரம் அப்போது என் தோளளவு. முதல் நாள் மாலையே கட்டி, துணி சுற்றி, விளக்கு போட்டிருந்தேன். இரண்டு முனைத் தெர்மோமீற்றர் ஒன்றை வைத்து, ஒரு முனையைக் குருத்துக்குப் பக்கத்தில் செருகி, மற்றதை வெளியில் தொங்கவிட்டேன். அந்த வாரத்தின் மோசமான இரவில் வெளியே மைனஸ் 17, குருத்தடியில் மைனஸ் 3. அதிகாலை நாலு மணிக்குச் சப்பாத்து மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இருட்டில் துணிக்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம், வெளியே துணியின் மேல் பனி பூத்துக் கிடந்தது. கையை வைத்துப் பார்த்தேன், இளஞ்சூடுகூட இல்லை. ஆனால் தெர்மோமீற்றரில் அந்த 3 மாறவில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் ஆபத்து. பெப்ரவரி 14இல் கோட்டிங்கனில் மைனஸ் 23.8, ஒரு வாரம் கழித்து அதே ஊரில் 18.1 பாகை வெயில். எங்கள் பக்கமும் திடீரென்று வசந்தம் மாதிரி. அந்த வெயிலில் மூடிய மரம் உள்ளே அவிந்துவிடும். குளிர் விட்ட முதல் நாளே துணியை முழுக்க எடுத்து, ஓலையை அவிழ்த்துக் காற்றில் விட்டேன். கூரையை மட்டும் எடுக்கவில்லை.

வெளி ஓலைகள் ஐந்தாறு கபிலமாகின. வெட்டவில்லை, பச்சை மிச்சமிருக்கும் வரை அவை மரத்துக்குச் சாப்பாடு, நிழல். முழுக்கக் காய்ந்த பிறகு மட்டையில் ஒரு சாண் விட்டு வெட்டினேன்.

குருத்தோலை கையோடு வந்துவிட்டால் உடனே மரத்தைத் தோண்டிவிடாதீர்கள். 2018இல் நான் அவசரப்பட்டுத் தோண்டினேன், அந்தக் கவலை இன்னும் இருக்கிறது. வளர்முனை அந்த அழுகலுக்குக் கீழே, இன்னும் ஆழத்தில் இருக்கிறது. அது உயிரோடு இருக்கலாம். அழுகிய பகுதியை எடுத்துத் துடைத்துவிட்டு, மருந்துக் கடையில் கிடைக்கும் 3 வீத ஹைட்ரஜன் பெரொக்சைட்டைக் குழிக்குள் ஊற்றுங்கள். நுரைக்கும். நுரை அடங்கியதும் காயவிடுங்கள், மழை விழாமல் மூடுங்கள், சில நாள் விட்டுத் திரும்பவும் செய்யுங்கள். யூலை வரைக்கும் காத்திருங்கள். புது ஓலை முதலில் கோணலாக, நுனி அறுந்து வரும். அது நல்ல அறிகுறி.

சுவிஸில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு சொல். இதே மரம் அங்கே தெற்கில் டிச்சீனோ மாநிலத்துக் காடுகளில் தானாகப் பரவி உள்ளூர் மரங்களை நெருக்குகிறது, அதனால் 2024 செப்டெம்பர் முதல் விற்கத் தடை. முன்பே வைத்திருப்பவர்கள் பூங்குலையைக் காய்க்குமுன் வெட்டிவிடுங்கள், விதையைப் பறவைகள்தான் கொண்டுபோகின்றன. டொரன்டோவில் இருந்து கேட்பவர்களுக்கு இந்தக் கூரையும் துணியும் காணாது. வாரக் கணக்கில் உறையும் இடத்தில் சுற்றிவர ஸ்ரைரோஃபோம் பலகையால் பெட்டி அடித்து உள்ளே சூடு வைக்கவேண்டும். அதற்கு மனமில்லை என்றால் சாடியில் வளர்த்துக் குளிரான கராஜில் வைப்பதே நல்லது.

கடைசியாக, உயிர் இருக்கிறதா என்று பார்க்கும் வழி. அழியாத மை உள்ள பேனையால் குருத்தோலைக்கும் அதை ஒட்டி நிற்கும் ஓலை மட்டைக்கும் குறுக்கே நேராக ஒரு கோடு போடுங்கள். குருத்து வளர்ந்தால் அதன் மேலுள்ள கோடு மட்டும் மேலே ஏறும். 2021 மார்ச் கடைசியில் கோடு போட்டுவிட்டுத் தினமும் வேலைக்குப் போகுமுன் பார்த்தேன். மூன்று வாரம் அசையவில்லை. ஏப்ரல் 23 காலையில் அடிமட்டம் வைத்துப் பார்த்தபோது இரண்டு கோடுக்கும் நடுவில் 4 மில்லிமீற்றர். அப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.