தூளியிலிருந்து தொட்டிலுக்கு

ஐந்து மாதப் பையன், திருச்சியில் தூளி ஆட்டினால்தான் தூங்குவான். இப்போது ஸ்காட்லாந்தின் எடின்பரோவில், வீட்டுக்கு வந்து குழந்தை நலம் பார்க்கும் செவிலியரான ஹெல்த் விசிட்டர், “கொஞ்சம் விழித்திருக்கும்போதே தொட்டிலில் போடுங்கள்” என்கிறார். அழவிட்டுப் பழக்க மனசு வரவில்லை. இதுதானே தங்கச்சி உங்கள் கேள்வி?

அழவிடத் தேவையே இல்லை. தனியாகத் தூங்குவது என்றால் தனி அறை என்று நம்மவர்கள் பயப்படுகிறோம். ஆனால் முதல் ஆறு மாதம் பகலோ இரவோ, குழந்தை தூங்கும் அறையிலேயே பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும் என்பதுதான் இங்கத்திய அறிவுரை. உங்கள் கட்டிலை ஒட்டியே தொட்டிலைப் போடுங்கள்.

தூளியை மட்டும் விட்டுவிடுங்கள். துணி வளைந்து தாடை நெஞ்சில் முட்டினால் குழந்தைக்கு மூச்சுத் திணறலாம். ஊரில் பக்கத்தில் யாராவது கண் வைத்திருப்பார்கள்; இங்கே நடுராத்திரியில் நீங்கள் இருவரும் அசந்து தூங்குவீர்கள். கெட்டியான, தட்டையான மெத்தையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். “தலையணை வை, இன்னொரு போர்வை போர்த்து” என்று அம்மா வீடியோ காலில் சொல்வார். இரண்டும் வேண்டாம். அறை 16 முதல் 20 டிகிரி வரை இருந்தால் போதும், போர்வைக்குப் பதிலாகக் குழந்தைக்கு உடுத்தும் பையான ஸ்லீப்பிங் பேக் போட்டுவிடலாம். கை சில்லென்று இருப்பது சகஜம். உடம்பு சூடா குளிரா என்று அறியப் பின்கழுத்தையோ நெஞ்சையோ தொட்டுப் பாருங்கள்.

பழக்கத்தை இரவின் முதல் தூக்கத்தில் தொடங்குங்கள். உடம்பு துடைத்து, பால் கொடுத்து, தோளில் போட்டுப் பாடுங்கள். கண் சொருகும்போது தொட்டிலில் இறக்கி, நெஞ்சில் லேசாகக் கை வைத்துப் பாட்டைத் தொடருங்கள். அழுதால் தூக்குங்கள், அடங்கியதும் மறுபடி இறக்குங்கள். சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. அவன் தேடுவது ஆட்டத்தை மட்டுமல்ல, உங்கள் குரலையும்தான். தூளி போனாலும் தாலாட்டு போக வேண்டியதில்லை. ராத்திரியில் பசித்து எழுவது இந்த வயதில் இயல்பு, அதைப் பழக்கக் கோளாறு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஊரில் நமக்குத் தெரியாத சங்கடம் ஒன்று உண்டு: வெளிச்சம். ஜூனில் இங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும், காலை நாலரைக்கெல்லாம் உதித்துவிடும். ஜன்னலுக்குக் கெட்டியான இருட்டுத் திரை போடுங்கள். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முடியாவிட்டால் கண்ணாடியில் ஒட்டும் திரை கிடைக்கும். டிசம்பரில் நேர்மாறு, மாலை நாலு மணிக்குள் இருட்டிவிடும். அப்போது காலை வெயிலில் வண்டியில் வைத்து வெளியே கூட்டிப் போனால் பகல் எது, ராத்திரி எது என்று உடம்புக்குப் பிடிபடும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். எவ்வளவு களைப்பானாலும் குழந்தையை அணைத்தபடி சோபாவில் கண்ணயராதீர்கள், அது மிகவும் ஆபத்து. தூக்கம் தள்ளினால் வீட்டுக்காரரை எழுப்பிக் கையில் கொடுங்கள். நாள் கணக்கில் தூக்கமில்லாமல் மனசு சோர்ந்தால் ஹெல்த் விசிட்டரிடம் அதையும் சொல்லுங்கள். தாயின் நலம் விசாரிப்பதும் அவர் வேலைதான்.