பெரிய ஹோட்டலில் சாப்பிட்டுவிட்டு மூன்று நட்சத்திரம் போட்டால் அது அநியாயமா?

நீங்கள் கேட்டது இதுதான்: நிலாவெளிப் பக்கம் ஒரு நல்ல ஹோட்டலில் இரவுச் சாப்பாடு சாப்பிட்டீர்கள், கொடுத்த காசுக்கு அது காணாது என்று பட்டது, கூகுளில் மூன்று நட்சத்திரம் போட்டீர்கள். இப்போது சொந்தக்காரர்களே "எங்கட ஊர் ஹோட்டலுக்கு இப்படிச் செய்யலாமா" என்று கோபிக்கிறார்கள். எதை வைத்துப் புள்ளி போடுவது?

நீங்கள் கொழும்பிலிருந்தோ வெளிநாட்டிலிருந்தோ லீவுக்கு வந்து வீட்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனவர் என்று நினைக்கிறேன். திருகோணமலையிலேயே இருக்கிறவர்கள் அந்த மாதிரி இடத்துக்குப் போவது வருடத்தில் ஒரு தடவை, அதுவும் ஏதாவது விசேஷம் என்றால்தான். போய் வந்தபின் குறை சொல்ல வாய் வராது. காசு வீணாய்ப் போனதை நாமே ஒத்துக்கொள்வதுபோல இருக்கும். நான் இங்கேயே இருக்கிறவள். நானும் மூன்றுதான் போட்டேன். அதனால் எனக்கு நடந்ததையே சொல்கிறேன்.

என் அப்பா திருக்கடலூரில் பிறந்து நாற்பத்தைந்து வருடம் கடலுக்குப் போனவர். போன கார்த்திகையில் அவருக்கு எழுபது வயது முடிந்தது. எனக்குக் கொஞ்சம் நிலுவைச் சம்பளம் கைக்கு வந்திருந்தது. பிடித்த மீனையெல்லாம் பெட்டியில் ஐஸ் போட்டு ஹோட்டல்களுக்கு அனுப்பின மனிதர், ஒரு நாளாவது அந்த ஹோட்டல் மேசையில் இருந்து சாப்பிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. அப்பா, அம்மா, என் கணவர், நான் என்று நான்கு பேர். மூன்று நாளைக்கு முன்பே போன் பண்ணி, கடல் பக்கம் மேசை வேண்டும் என்று சொல்லி வைத்தேன்.

போனால் எங்களைக் கொண்டுபோய் இருத்தியது குசினிக் கதவுக்குப் பக்கத்தில். கதவு திறக்கும்போதெல்லாம் அம்மாவின் முதுகில் சூடு அடித்தது. கடல் பக்கம் ஆறு மேசை வெறுமையாக இருந்தன. கேட்டதற்கு "எல்லாம் ரிசேர்வ், மிஸ்" என்றார்கள். அரை மணித்தியாலத்தில் வெளிநாட்டுக்காரர் நான்கு பேர் காற்சட்டையோடு நடந்து வந்தார்கள். புக் பண்ணவில்லை என்று அவர்களே சொன்னது என் காதில் விழுந்தது. அவர்களுக்குக் கடல் பக்கம் மேசை கிடைத்தது. மற்ற ஐந்தும் நாங்கள் எழும்பி வரும்வரை வெறுமையாகவே கிடந்தன.

வெளிநாட்டுக்காரரைக் குறை சொல்லவில்லை. பருவகாலம் முடிந்த பிறகும் வந்து ஊருக்குக் காசு தருகிறவர்கள் அவர்கள். அந்த "ரிசேர்வ்" என்ற சொல்லைத்தான் சொல்கிறேன்.

மெனு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருந்தது. தமிழில் இல்லை. திருகோணமலையில், தமிழ் பேசுகிறவர்கள் தமிழர், முஸ்லிம்கள் என்று இத்தனை பேர் இருக்கிற ஊரில், அப்பா மெனுவை ஒரு தரம் பிரித்துப் பார்த்துவிட்டு மூடி என்னிடம் தந்தார். நான் வாசித்துச் சொன்னேன். "இன்றைய மீன்" என்று ஒன்று இருந்தது. என்ன மீன் என்று அப்பா கேட்டார். பரிமாற வந்தவன் இருபது வயதுப் பொடியன், தமிழ்ப் பிள்ளைதான். "விளைமீன் ஐயா, இண்டைக்குப் பிடிச்சது" என்றான்.

அப்பா ஒன்றும் பேசவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். அது வாடைக்காற்று தொடங்கிவிட்ட நேரம். அந்தக் கிழமை நான்கு நாளாக எங்கள் பக்கம் ஒருவரும் தொழிலுக்குப் போகவில்லை, வள்ளங்களை இழுத்துக் கரையில் ஏற்றி வைத்திருந்தார்கள். இருட்டிலும் அலையின் சத்தம் உள்ளே கேட்டது. சரி, அதையே கொண்டுவரச் சொன்னார்.

மீன் வந்தது. எலுமிச்சை, வெண்ணெய், மேலே ஏதோ பச்சை இலை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அப்பா முள்ளுக்கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டுக் கையால் எடுத்தார். நல்ல மீன் என்றால் வெந்தபின் சதை ஏடு ஏடாகப் பிரியும், ஈரம் இருக்கும். இது விரலில் மாவுபோல உதிர்ந்தது. பலநாள் ஐஸில் கிடந்து, இளகி, திரும்ப உறைந்த மீன் அப்படித்தான் வரும் என்று பிறகு சொன்னார். அங்கே வைத்து ஒரு சொல் சொல்லவில்லை. முள்ளை மட்டும் மிச்சம் வைத்து முழுவதையும் சாப்பிட்டார். பொடியன் வந்து எப்படி என்று கேட்டபோது "நல்லம் தம்பி" என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "பிள்ளை, அது ஐஸ் மீன். அந்தத் தம்பியைக் குறை எழுதிப்போடாத. அவனுக்குச் சொல்லிக் குடுத்ததைத்தான் அவன் சொல்றான்."

அதே இரவில் நாங்கள் சாப்பிட்ட நண்டுக் கறியையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் செய்வதும் அநியாயம். அது களப்பு நண்டு. வாடைக்குக் கடல் அடித்தாலும் களப்பில் தொழில் நடக்கும், அதனால் நண்டு புதிது. முருங்கை இலை போட்டு, மிளகு தூக்கலாக, சதை ஓட்டில் ஒட்டாமல் வந்தது. இப்படி நான் வீட்டில் வைத்ததில்லை, அம்மாவும் வைத்ததில்லை. அம்மா காலை உடைத்து உறிஞ்சிச் சாப்பிட்டார், அந்த இடத்தில் வெட்கப்படவே இல்லை. கடைசியில் வந்த எருமைத் தயிரும் பாணியும் அருமை. அந்தச் சமையல்காரருக்குக் கைப்பக்குவம் உண்டு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "இண்டைக்குக் கடல் மீன் இல்லை ஐயா, நண்டு நல்லது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், குசினிக் கதவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டே ஐந்து போட்டிருப்பேன்.

நான் கணித ஆசிரியை. விடைத்தாள் திருத்தியே வயது போனது. புள்ளித்திட்டத்தில் ஒரு கணக்குக்கு ஒரே அடியாகப் புள்ளி கிடையாது. படிப்படியாகத்தான் கிடைக்கும். ஒரு படி பிழைத்தால் அந்தப் படிக்குத்தான் புள்ளி போகும், கையெழுத்து வடிவில்லை என்று முழுக்கணக்கையும் வெட்ட முடியாது. ஹோட்டலுக்கும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். நான் முதலில் பார்ப்பது, சொன்னதும் வைத்ததும் ஒன்றா என்பதை. மெனுவில் சொன்ன மீன், போனில் சொன்ன மேசை, பலகையில் போட்ட விலை. அதற்குப் பிறகுதான் ருசி, அதற்குப் பிறகுதான் கவனிப்பு. காற்று, வெளிச்சம், பாட்டு எல்லாம் கடைசி.

விலை என்றதும் ஒன்று. மெனுவில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால், அதற்கு மேல் சேர்விஸ் சார்ஜ் 10 வீதமும் வற் வரியும் சேரும். வற் 2024 தொடக்கத்திலிருந்து 18 வீதம். இரண்டும் சேர்ந்தால் விலையில் காற்பங்குக்கு மேல் கூடுகிறது. எங்களுக்கு நான்கு பேருக்கு 26,000 ரூபாய் வந்தது. இது மெனுவில் போட்டிருந்த விஷயம், நான் கூட்டிப் பார்த்துக்கொண்டுதான் போனேன், இதற்காக ஒரு நட்சத்திரமும் குறைக்கவில்லை. பில்லைப் பார்த்து அதிர்ந்துபோய் ஒன்று போடுகிறவர்கள் மெனுவின் அடியில் இருக்கிற சின்ன எழுத்தை முதலே வாசித்துவிட வேண்டும்.

இங்கே சிலர் "பெரிய மிச்சலின் காரியாக்கும்" என்று எழுதுவார்கள், தெரியும். மிச்சலின் பெயரை எடுப்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அது பிரான்சின் டயர் கம்பனி. 1900 இல் கார் ஓட்டுகிறவர்களுக்கு வழிகாட்டிப் புத்தகம் போடத் தொடங்கியது. 1926 இல் உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுத்தது, 1931 இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை வைத்தது. அவர்களுக்கு மூன்றுதான் உச்சம், அந்தச் சாப்பாட்டுக்காகவே பயணம் வெளிக்கிடலாம் என்று அர்த்தம். அந்த நட்சத்திரம் தட்டில் உள்ளதற்கு மட்டும், மேசை விரிப்புக்கோ மின்விளக்குக்கோ இல்லை. சோதிக்கப் போகிறவர் தான் யார் என்று சொல்லாமல் போய், தன் பில்லைத் தானே கட்டிவிட்டு வருவார். இதில் எது எங்களால் முடியாதது? காசு கட்டிச் சாப்பிடுவதும் உண்மையை எழுதுவதும் நிலாவெளியிலும் முடியும்.

1993 இல் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் உணவு விமர்சகர் ரூத் ரைச்சல், லு சேர்க் என்ற பேர்போன உணவகத்துக்கு வேஷம் மாற்றிச் சாதாரணப் பெண்ணாகப் போனார். காக்க வைத்தார்கள், மதிக்கவில்லை. அவர் யார் என்று தெரிந்து வரவேற்ற நாளில் ராஜ உபசாரம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதி, அந்தப் பத்திரிகை முன்பு கொடுத்திருந்த நான்கு நட்சத்திரத்தை மூன்றாக்கினார். முதன்முதல் இதை வாசித்தபோது எனக்கு அந்தக் குசினிக் கதவுதான் நினைவுக்கு வந்தது. அவருக்கு வேஷம் தேவைப்பட்டது. என் அப்பா அம்மாவுக்கு அவர்களுடைய சொந்த முகமே போதுமாக இருந்தது.

நான் உடனே எழுதவில்லை. இரண்டு நாள் விட்டு, கோபம் ஆறின பிறகு எழுதினேன். போன திகதி, என்னென்ன சாப்பிட்டோம், நண்டு எப்படி, மீன் எப்படி, மேசை விஷயம், தமிழ் மெனு இல்லை என்பது. பரிமாறிய தம்பி மிகவும் மரியாதையாக நடந்தான் என்றும் தனியாக எழுதினேன். மூன்று நட்சத்திரம்.

அடுத்த நாளே அங்கிருந்து போன் வந்தது. மேசைக்காகக் கொடுத்த நம்பரைப் பிடித்திருக்கிறார்கள். நான்கு பேருக்கும் இலவசமாக டின்னர் தருகிறோம், எழுதினதை எடுத்துவிடுங்கள் என்றார் ஒருவர். மீன் ஏன் அப்படி இருந்தது என்று ஒரு சொல் கேட்கவில்லை. நான் மறுத்துவிட்டேன்.

அதைவிட மனதைக் குடைந்தது மச்சாள் சொன்னது. அவவின் தம்பி அங்கே வேலை செய்கிறான். சேர்விஸ் சார்ஜைப் பிரித்துக் கொடுப்பதை நம்பித்தான் அந்தப் பிள்ளைகள் வேலை செய்கிறார்கள், ஆட்கள் வராத மாதத்தில் அது அப்படியே சுருங்கிப்போகும், நீ எழுதி இன்னும் ஆட்கள் குறைந்தால் அடிபடுவது முதலாளி இல்லை என்றா. அது உண்மை. இரண்டு இரவு நித்திரை வரவில்லை. ஆனால் ஐஸ் மீனை இன்றைய மீன் என்று சொல்லச் சொல்லி ஒரு பிள்ளையை மேசைக்கு அனுப்புகிறவருக்கு அந்தப் பிள்ளைகளின் மேல் என்ன அக்கறை இருக்கிறது? அவன் என் அப்பாவுக்கு முன்னால் பொய்க்காரனாக நின்றது யாரால்? எழுதினதை எடுக்கவில்லை.

சாப்பாட்டோடு சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், எங்கே சொல்வது என்று தெரியாமல் இருந்தது. நிலாவெளியிலிருந்து டவுனுக்கு இருட்டினபின் வருவது எவ்வளவு கஷ்டம் என்று யாராவது எழுதுகிறார்களா? பதினைந்து கிலோமீற்றர் அளவுதான் தூரம். இரவு எட்டுக்குப் பிறகு பஸ்ஸை நம்ப முடியாது. ஆட்டோக்காரர் மீட்டர் போடாமல் 3,000 கேட்டார், மழை வேறு, எழுபது வயது மனிதரை ரோட்டில் நிறுத்தி வைத்துப் பேரம் பேச வேண்டியிருந்தது. வாகனம் இல்லாதவர்கள் இரவில் வெளியே போய்ச் சாப்பிடவே கூடாதா? இதை ஹோட்டல் கணக்கில் நான் சேர்க்கவில்லை. சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள், மழை பெய்தது என்று ஒரு நட்சத்திரம் போட்டவரையே பார்த்திருக்கிறேன்.

அப்புறம் வைகாசியில் இன்னொரு தடவை போனோம், நானும் கணவரும் மட்டும், எங்கள் காசில். ஒரு தடவை போனதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காகத்தான். கடல் குளம் மாதிரி இருந்தது. வாசலில் ஒரு கரும்பலகை வைத்து, அன்றைக்கு வந்த மீனின் பெயரை எழுதியிருந்தார்கள், தமிழிலும். கலவாய் என்று இருந்தது. கலவாய்தான் வந்தது. சதை ஏடு ஏடாகப் பிரிந்தது. மெனு இன்னும் தமிழில் இல்லை. பழைய றிவியூவை அழிக்காமல் அதன் கீழே புதுத் திகதி போட்டு இதையும் எழுதி, நான்காக்கினேன். கரும்பலகை என்னால் வந்தது என்று சொல்லவரவில்லை, யார் யார் என்னென்ன சொன்னார்களோ.

உங்கள் மூன்றை மாற்ற வேண்டாம். ஆனால் கேள்வியில் என்ன சாப்பிட்டீர்கள், எந்த மாதம் போனீர்கள் என்று ஒன்றுமே இல்லை, "காசுக்குக் காணாது" என்று மட்டும் இருக்கிறது. கூகுளிலும் அப்படியே எழுதியிருந்தால், அந்தச் சமையல்காரருக்கு எதைத் திருத்துவது என்று எப்படித் தெரியும்? போய் அந்த இரண்டையும் சேர்த்துவிடுங்கள். பரிமாறினவர் நன்றாக நடந்திருந்தால் அதையும்.

அப்பா இன்னும் திரும்பப் போகவில்லை. கரும்பலகை விஷயத்தைச் சொன்னபோது "கலவாயா? எந்தப் பக்கத்து வள்ளமாம்?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த முறை அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கச் சொல்ல இருக்கிறேன்.