மாடியில் வெண்டை, சந்தையில் வெங்காயம்: கேள்வி பதில்

மதுரையில் ஒன்பது வருடமாக மாடித்தோட்டம் போடுகிறேன், இப்போது முப்பது செடிப் பை இருக்கிறது. அப்பா காய்கறி விவசாயி. 1999 நவம்பரில் அண்ணா நகரில் முதல் உழவர் சந்தை திறந்த பிறகு விவசாயி அடையாள அட்டை வாங்கி, அங்கே உட்கார்ந்து நேரடியாக விற்றவர். அதனால் இரண்டு பக்கமும் எனக்குப் பழக்கம், கேளுங்கள். பூச்செடி மட்டும் எனக்கு வராது.

நாலு பேர் குடும்பம் அக்கா. மாடித்தோட்டம் போட்டால் மாதம் எவ்வளவு மிச்சமாகும்? (விளாங்குடி)

மிச்சம் பிடிக்க என்று ஆரம்பிக்காதீர்கள். பை, தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம், விதை, வேப்பம் பிண்ணாக்கு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் முதல் வருடம் கையை விட்டுத்தான் போகும். எதைப் போடுவது, எதை வாங்குவது என்பதுதான் கேள்வி. பறித்த சில மணி நேரத்தில் வாடுவதையும், கொஞ்சமாக அடிக்கடி தேவைப்படுவதையும் வீட்டில் போடுங்கள். கீரை, கொத்தமல்லி, பச்சை மிளகாய், பிஞ்சு வெண்டை, ஒரு கறிவேப்பிலைச் செடி. வெண்டை விதைத்த 45 நாளில் காய்க்கும், இரண்டு நாளைக்கு ஒருமுறை பறித்தே ஆக வேண்டும், விட்டால் முற்றிவிடும். எட்டுச் செடி இருந்தால் வாரம் ஒரு பொரியல் நிச்சயம். வெங்காயம், உருளை, கேரட், முட்டைக்கோஸ் இதையெல்லாம் மாடியில் போடுவது இடத்துக்குப் பிடித்த கேடு. மூன்று மாதம் ஒரு பையை அடைத்துக்கொண்டு ஒரு முட்டைக்கோஸ் கொடுக்கும். அதைச் சந்தையில் வாங்குங்கள்.

ஊரில் வயல் மண் சும்மா கிடைக்கிறது. ஒரு டிராக்டர் ஏற்றி வந்து மாடியில் ஒரு அடி உயரத்துக்குப் பரப்பலாமா? (திருநகர்)

வேண்டவே வேண்டாம். ஒரு அடி உயரம் ஈர மண் என்றால் சதுர அடிக்கு 45 கிலோவுக்கு மேல். நாம் நடமாடும் மொட்டை மாடியைப் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமைக்குத்தான் கணக்குப் போடுகிறார்கள், அதாவது சதுர அடிக்கு 14 கிலோ. புரிகிறதா? தேங்காய் நார்க்கழிவு பாதிக்கு மேல் இருக்கட்டும், மீதி செம்மண்ணும் மண்புழு உரமும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீர் அலசுங்கள், அதில் உப்பு இருக்கும். பைகளைச் சுவர் ஓரமாகவும் பீம் போகும் இடத்திலும் வையுங்கள், அடியில் செங்கல் கொடுத்து. மாடியில் ஏற்கெனவே கசிவு இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள், செடி அப்புறம்.

சுரைக்காய் பிஞ்சு விட்டு விட்டு மஞ்சளாகிக் கருகிவிடுகிறது. மருந்து என்ன?

மருந்து வேண்டாம், மகரந்தச் சேர்க்கை நடக்கவில்லை. மாடிக்கு வரும் பூச்சி குறைவு, அதிலும் சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். பீர்க்கும் அப்படித்தான். பலர் காலையில் போய்ப் பார்த்துவிட்டுப் பூ வாடிவிட்டது என்கிறார்கள். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு மட்டும் இருந்தால் ஆண் பூ. பொழுது சாய்ந்ததும் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவுங்கள். பரங்கிக்கு மட்டும் இதையே விடியற்காலையில் செய்ய வேண்டும். அடுத்த சில நாளில் காய் தலை கவிழ்ந்து பெருக்க ஆரம்பித்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். என் மகள் முதல் சுரைக்காயை இப்படித்தான் பிடிக்க வைத்தாள், அந்தச் சாயங்காலம் அவள் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தக்காளி பூவெல்லாம் உதிர்கிறது.

எந்த மாதம் வைத்தீர்கள்? சித்திரை, வைகாசி வெயிலில் தக்காளி பூ நிற்காது, ராத்திரியும் சூடாக இருப்பதுதான் காரணம். ஆடியில் விதையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்றது சும்மா இல்லை.

மிளகாய் பூ உதிர்கிறது, என்ன அடிக்கலாம்?

மேலே சொன்ன காரணம்தான். நிழல்வலை கட்டுங்கள், தண்ணீரை ஒரு நாள் நிறைய, ஒரு நாள் இல்லை என்று விடாதீர்கள். தேங்காய்ப்பாலும் மோரும் கலந்து புளிக்க வைத்த தேமோர்க் கரைசல் தெளிக்கலாம்.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் விவசாயி. ஊரில் எல்லோரும் மாடியில் காய் போட்டால் எங்கள் காயை யார் வாங்குவது? தக்காளி கிலோ 5 ரூபாய்க்குக் கிடக்கும்போது யாரும் பேசுவதில்லை. 2023 ஜூலையில் நூறைத் தாண்டியதும் ஆளாளுக்கு வீட்டிலேயே விளைவிப்போம் என்றீர்கள்.

அண்ணே, உங்கள் கோபம் எனக்குப் புதிது இல்லை, எங்கள் அப்பாவும் தக்காளியை மாட்டுக்குப் போட்டிருக்கிறார். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாலு பேர் வீட்டுக்கு நாளைக்கு ஒரு கிலோ காய் என்றால் மாதம் 30 கிலோ. என் முப்பது பையும் நல்ல மாதத்தில் 8, 10 கிலோ கொடுக்கும். மீதி 20 கிலோ உங்களிடம்தான். கத்தரியில் பாதியைக் காய்த்துளைப்பான் புழு தின்றதைப் பார்த்தபின் நான் யாரிடமும் கத்தரிக்காய்க்கு இரண்டு ரூபாய் குறைத்துக் கேட்டதில்லை. நீங்கள் சண்டை போட வேண்டியது எங்களோடு இல்லை.

அக்கா சொல்வது சரிதான், ஆனால் உழவர் சந்தையிலும் வியாபாரிகள் உட்கார்ந்திருக்கிறார்களே? (கே.கே. நகர்)

சில இடங்களில் உண்டு, அது அட்டை வாங்கிய விவசாயியின் வயிற்றில் அடிப்பது. வாங்குகிற நாமும் பார்க்க வேண்டும். ஒரே தட்டில் பீட்ரூட், கத்தரி, மாங்காய், பீன்ஸ் என்று பதினைந்து வகை இருந்தால் யோசியுங்கள். விவசாயியிடம் மூன்று நாலு வகைதான் இருக்கும், அளவும் முன்னே பின்னே இருக்கும். எந்த ஊர், எப்போது பறித்தது என்று கேளுங்கள், விளைவித்தவர் உடனே சொல்வார்.

ஒட்டன்சத்திரம் மறுபடியும்: சந்தை வாசலுக்கு வெளியே தரையில் போட்டு இரண்டு ரூபாய் குறைத்து விற்பவனிடம்தானே எல்லோரும் வாங்குகிறீர்கள்? ராத்திரியே கிளம்பி வந்து, வண்டி வாடகை கொடுத்து, உள்ளே நாங்கள் காத்திருக்கிறோம்.

உண்மை, அண்ணே. இதற்கு நான் பதில் சொல்ல முடியாது, வாங்குகிறவர்கள்தான் சொல்ல வேண்டும். உழவர் சந்தைப் பலகையில் எழுதும் விலை மொத்த விலையைவிடச் சுமார் 20 சதவீதம் கூட, வெளிக்கடையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு என்ற கணக்கில் வைப்பது. கடைக்கு வாடகை இல்லை, தராசும் கொடுக்கிறார்கள். அதெல்லாம் உள்ளே விற்றால்தான் பலன். வாசலைத் தாண்டி உள்ளே போங்கள், காலை ஏழு மணிக்குள் போங்கள். அவ்வளவுதான் கேட்கிறேன்.

உழவர் சந்தைக் காய் எல்லாம் இயற்கை விவசாயம்தானே?

இல்லை. நேரடி விற்பனை வேறு, மருந்து அடிக்காதது வேறு. விற்பவரிடமே கேளுங்கள்.

தக்காளி பூ உதிர்கிறது அக்கா, அவசரம்.

பூ உதிர்வு பற்றி இது மூன்றாவது கேள்வி. மேலே படியுங்கள்.

ரோஜாவில் மாவுப்பூச்சி.

பூச்செடி தெரிந்தவர்களைக் கேளுங்கள்.

மாடியில் சிமென்ட் தொட்டி கட்டிக் கீரை போடலாமா?

எடை! தொட்டிக்கு ஒரு எடை, மண்ணுக்கு ஒரு எடை, தண்ணீருக்கு ஒரு எடை. இன்ஜினியர் ஒருவர் மாடியைப் பார்க்காமல் கட்டாதீர்கள்.

ஒரே ஒரு பைதான் வைக்கப்போகிறேன். என்ன போடட்டும்?

அரைக்கீரை. அகலமான பை வாங்குங்கள், ஆழம் அரை அடி போதும். விதை பொடி, அதனால் மணலோடு கலந்து தூவி, மேலே லேசாகக் கலவையைத் தூவி, பூவாளியால் தண்ணீர் விடுங்கள். எறும்பு விதையைத் தூக்கிப் போகும், சுற்றிலும் கொஞ்சம் மஞ்சள் தூள் போடுங்கள். ஒரு மாதத்தில் அறுக்கலாம். வேரோடு பிடுங்காமல் இரண்டு அங்குலம் விட்டு அறுங்கள், மறுபடி தழையும், ஐந்தாறு அறுப்பு வரும். அடுப்பில் உலை வைத்த பிறகு மேலே ஏறிப் பறியுங்கள்.