சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகு கிளப் எப்படி வந்தது?

கன்டெய்னர் லாரிகள் ஓடுகிற துறைமுகத்துக்குள் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்புக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். சின்ன வயதில் ஒரு கோடை விடுமுறையில் அந்தத் தண்ணீரில்தான் படகு ஓட்டப் பழகினேன். அதனால் ஆசையோடு எழுதுகிறேன்.

மெட்ராஸ் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நிற்கும். ஆளும் சரக்கும் கயிற்றால் தைத்த மசூலா படகில் அலையைத் தாண்டி வரவேண்டும். அலையைத் தடுக்கக் கடலுக்குள் சுவர் எழுப்பினார்கள். வேலை முடிகிற நேரத்தில் 1881 புயல் அதைச் சிதைத்துப் போட்டது. மறுபடி கட்டினால் கப்பல் நுழையும் கிழக்கு வாசலில் மணல் சேர்ந்தது. 1904-இல் துறைமுகத் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்தான் வாசலை வடகிழக்குப் பக்கம் மாற்றினார். 1911-இல் கிளப்பைத் தொடங்கியவரும் அவரே. அலை அடிக்காத தண்ணீர் வேறெங்கே இருந்தது? அடுத்த ஆண்டு அவருடைய அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர் கணித மேதை ராமானுஜன். அவருக்கு ஸ்பிரிங் கைகொடுத்த கதை எல்லோருக்கும் தெரியும். கிளப் கதையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

நாங்கள் பழகியது ஆப்டிமிஸ்ட் என்ற சிறுவர் படகில். ஏழே முக்கால் அடி நீளம், மூக்கு மழுங்கி, ஒரு பெரிய தொட்டி மாதிரி இருக்கும். பாய் விரிக்கும் முன்பே கவிழ்க்கச் சொன்னார்கள். படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் தொங்கி நிமிர்த்தி, ஏறி உட்கார்ந்து, கயிற்றில் கட்டிய வாளியால் இறைத்துக்கொண்டே இருக்கணும். வாயெல்லாம் உப்பு, டீசல் வாசம். மதியம் கடல்காற்று திரும்பியதும் பாய் படபடக்கும், பாயின் அடிக்கட்டை தலைக்கு மேல் விசிறிப் போகும். "குனி, குனி!" என்று பயிற்சியாளர் கத்துவார். அப்புறம் காற்று பிடிக்கும், படகு ஒரு பக்கம் சாய்ந்து சத்தமில்லாமல் ஓடும். அந்த அமைதியை இன்னும் மறக்கவில்லை.

டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டிய நான்கு பேரில் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். விஷ்ணு சரவணன் வேலூர்க்காரர். பாய்மரப் போட்டியில் ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா. அவர் படகைத் தொலைக்காட்சியில் தேடிக்கொண்டிருந்தபோது, எனக்குக் கையில் அந்த வாளிக் கயிறு இருப்பது போலவே இருந்தது.