ஒடுங்கிய மக்களா, ஒடுக்கப்பட்ட மக்களா?

"தலைமுறை தலைமுறையாக ஒடுங்கிக் கிடந்த மக்கள்" என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். "ஒடுக்கப்பட்ட" என்று எழுதினாலும் அதே பொருள்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை, பெரிய வித்தியாசம் உண்டு.

இந்தச் சொல்லை நான் முதலில் கேட்டது தண்டையார்பேட்டையில், எங்கள் வீட்டுத் தண்ணீர்க் குடத்தை வைத்துத்தான். குழாயடி நெரிசலில் எவர்சில்வர் குடம் நசுங்கிவிட்டால் அம்மா "ஒடுக்கு விழுந்துடுச்சு" என்பார். அப்புறம் ஒடுக்கு எடுப்பவர் தெருவுக்கு வரும்வரை காத்திருப்போம். குடம் தானாக நசுங்காது, எதிலாவது இடித்திருக்கும். சொல்லின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

ஒடுங்கு என்பது தன்வினை, ஒடுக்கு என்பது பிறவினை. அடங்கு, அடக்கு போலத்தான். காய்ச்சலில் கன்னம் ஒடுங்கியது, மூச்சு ஒடுங்கியது என்கிறோம். அங்கே செய்தவர் யாரும் இல்லை. கிளர்ச்சியை ஒடுக்கினார்கள் என்றால் ஒடுக்கியவர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும்.

ஒடுக்கம் என்ற பெயர்ச்சொல்லில் இழிவு எதுவும் இல்லை. "சந்து ஒடுக்கமா இருக்கு, ஆட்டோ நுழையாது" என்று எங்கள் பக்கம் தினமும் சொல்வோம். வள்ளுவர் இதற்கு வலிமையையே ஏற்றுகிறார்: "ஊக்க முடையான் ஒடுக்கம் பொருதகர் தாக்கற்குப் பேருந் தகைத்து" (486). சண்டைக் கடா பாய்வதற்காகப் பின்வாங்குவது போன்றதாம் ஊக்கமுள்ளவன் ஒடுங்கியிருப்பது. தானே காலம் பார்த்து ஒடுங்குகிறான், அதுதான் அதன் அழகு. பெண் பிள்ளைகளிடம் மட்டும் "அடக்க ஒடுக்கமா இரு" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும். அடுத்தவர் போடும் கட்டளைக்குத் தன்வினையின் பெயரை எப்படி வைக்க முடியும்?

அடக்குமுறை, ஒடுக்குமுறை இரண்டையும்கூடப் பலர் ஒன்றாகவே எழுதுகிறார்கள். என் காதுக்கு அவை வேறு. 1921இல் பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியதே, அது அடக்குமுறை, எழுந்தவர்மேல் விழுந்த அடி. சாதி செய்வது ஒடுக்குமுறை. அதற்கு யாரும் எழுந்து நிற்கக்கூட வேண்டாம், பிறக்கும்போதே காத்திருக்கும்.

உங்கள் வாக்கியத்தில் "ஒடுங்கிக் கிடந்த" என்று இருப்பதால், அந்த மக்கள் தாங்களாகவே குறுகிப் போனதுபோல் ஆகிவிடுகிறது. "ஒடுக்கப்பட்ட" என்று மாற்றுங்கள். முடிந்தால் யாரால் என்பதையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.