க்ரூஸ் கப்பலுக்கு ஃப்ளைட் டிக்கெட் எப்போது போடுவது?

கிருஷ்ணகிரியில் டிக்கெட் போடும் தொழிலில் இருப்பதால், க்ரூஸ் போக நினைக்கும் நம் பக்கத்துக்காரர்களின் சந்தேகமெல்லாம் என்னிடம் வந்துவிடுகிறது. கேபின் போட்டாச்சு, ஃப்ளைட்டை எப்போது போடுவது என்பதுதான் பெரும்பாலும் கேள்வி. பலருக்கும் உதவும் என்று தோன்றியவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து, மாம்பழக்கூழ் ஆலை வைத்திருப்பவர்: அண்ணா, மாங்காய் சீசன் முடிந்து செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பலில் கேபின் போட்டுவிட்டோம். ஃப்ளைட் இப்பவே போடணுமா, விலை இறங்கும்வரை பொறுக்கலாமா?

பெங்களூரு–சிங்கப்பூர் வழியில் தினமும் நேரடி விமானங்கள் இருக்கின்றன, போட்டியும் இருக்கிறது. அதனால் ஒரு வருடம் முன்னால் ஓட வேண்டாம். பயணத்துக்கு நான்கு மாதம் இருக்கும்போது பார்க்க ஆரம்பியுங்கள். இரண்டு வாரம் விட்டுவிட்டுப் பார்த்தால் வழக்கமான விலை எது என்று பிடிபட்டுவிடும். அந்த விலையோ அதற்குக் கீழோ வந்தால் வாங்கிவிடுங்கள். வாங்கின பிறகு திரும்ப விலை பார்க்காதீர்கள், தூக்கம்தான் கெடும். செப்டம்பர் கடைசி என்றால் காலாண்டுத் தேர்வு விடுமுறைக் கூட்டம் சேர்ந்துகொள்ளும். அப்போது இன்னும் ஒரு மாதம் முந்திக்கொள்ளுங்கள்.

ஆனால் எந்த மாதம் வாங்குவது என்பதைவிட, எந்த நாளுக்கு வாங்குவது என்பதுதான் பெரிய விஷயம். கப்பல் கிளம்பும் நாளுக்கு முந்தின நாளே சிங்கப்பூரில் இருங்கள். மாலை 5 மணிக்குக் கப்பல் என்று போட்டிருந்தால், 5 மணிவரை ஏற விடுவார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு மணி நேரம், சில கப்பல்களில் ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன்னை மூடிவிடுவார்கள். இரவு 11 மணிக்கு பெங்களூருவில் ஏறினால் காலையில் போய் இறங்கலாமே என்று கேட்பீர்கள். நாலரை மணி நேரப் பயணம், அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால், கணக்கு சரிதான். அந்த ஒரு ஃப்ளைட் ரத்தானால்? அடுத்ததில் இடம் கிடைத்து நீங்கள் போய்ச் சேரும்போது கப்பல் மலாக்கா நீரிணையில் இருக்கும். கேபின் பணமும் திரும்பாது. ஓர் இரவு ஹோட்டல் வாடகை அதைவிடக் குறைவு.

விசாவையும் பார்த்துக்கொள்ளுங்கள். கப்பல் பினாங்கோ புக்கெட்டோ போய்விட்டு சிங்கப்பூர் திரும்பும்போது, அது உங்களுக்கு இரண்டாவது நுழைவு. விசா கைக்கு வந்ததும் பலமுறை நுழையலாம் என்று அதில் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் தேட வேண்டும்.

தருமபுரி, பள்ளி ஆசிரியை: மே 10 நள்ளிரவு 12.40 மணி என்று ஒரு ஃப்ளைட் காட்டுகிறது. 10ஆம் தேதி ராத்திரி சாப்பிட்டுவிட்டு வீட்டிலிருந்து கிளம்பினால் போதுமா?

போதாது டீச்சர், அந்த விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும்! டிக்கெட்டில் 00:40 என்று இருந்தால் 9ஆம் தேதி முடிந்து 10 பிறந்த நாற்பதாவது நிமிடம். இரவு 9.30 மணிக்கெல்லாம் விமான நிலையத்துக்குள் இருக்க வேண்டும். தருமபுரியிலிருந்து 9ஆம் தேதி பிற்பகல் 3 மணிக்குக் கிளம்புங்கள். மேப் மூன்றரை மணி நேரம் என்று காட்டும், நம்பாதீர்கள். அத்திப்பள்ளி டோல்வரை தேர் மாதிரி அழகாகப் போகலாம். அதற்கப்புறம் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு, ஹெப்பால் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை வாங்கிக்கொள்ளும். விமான நிலையம் தேவனஹள்ளியில், ஊரின் அந்தக் கோடியில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை சாயந்திரம் என்றால் நான் இன்னும் ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்வேன். நள்ளிரவு ஃப்ளைட் போடும் எல்லோரும் காலண்டரில் கிளம்பும் நாளை வட்டமிடுங்கள், டிக்கெட்டில் இருக்கும் நாளை அல்ல.

பர்கூர்: சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கை போகும் க்ரூஸுக்கு பெங்களூரு போய் ஃப்ளைட் பிடிப்பது நல்லதா?

எதற்குங்க? ஜோலார்பேட்டை உங்களுக்குப் பக்கம். முந்தின நாள் ரயில் ஏறினால் சென்ட்ரலில் இறங்கலாம், துறைமுகம் அங்கிருந்து கூப்பிடு தூரம். கிருஷ்ணகிரிக்காரர்கள் நாங்கள்தான் ரயிலே இல்லாமல் இருக்கிறோம்.

ஓசூர், தொழிற்சாலை ஊழியர்: டிசம்பரில் மும்பையிலிருந்து க்ரூஸ். அன்றைக்குக் காலை 6 மணி ஃப்ளைட் போட்டால் லீவு ஒரு நாள் மிச்சம். சரிதானே?

மற்ற மாதம் என்றால் யோசிக்கலாம். டிசம்பர், ஜனவரியில் தேவனஹள்ளிப் பக்கம் விடியற்காலைப் பனிமூட்டம் ஃப்ளைட்டுகளைத் தாமதமாக்கும். முந்தின நாள் மாலை ஃப்ளைட் போடுங்கள். மும்பைக்கு இப்போது இரண்டு விமான நிலையங்கள் என்பதும் நினைவிருக்கட்டும். 2025 டிசம்பரிலிருந்து நவி மும்பையிலும் விமானங்கள் இறங்குகின்றன. க்ரூஸ் முனையமோ தென் மும்பையில், பல்லார்ட் பியர் பக்கம். விலை குறைவு என்று பட்டனை அழுத்துவதற்கு முன் எங்கே இறங்குகிறோம் என்று பாருங்கள்.

பாலக்கோடு: அண்ணன் தம்பி குடும்பம் எல்லாம் சேர்ந்து எட்டுப் பேர். ஒருவருக்குத் தேடினால் ஒரு விலை, எட்டுப் பேருக்குத் தேடினால் ஆளுக்கு அதைவிட அதிகம். ஏமாற்றுகிறார்களா?

ஏமாற்றில்லை. ஒரே விமானத்தில் ஒரே மாதிரி சீட்டுகளையே பல விலைப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். குறைந்த விலைப் பிரிவில் மூன்று சீட்தான் மிச்சம் என்று வையுங்கள். எட்டுப் பேர் என்று தேடினால் எட்டு சீட்டும் சேர்ந்து கிடைக்கும் மேல் பிரிவின் விலையைத்தான் எல்லோருக்கும் காட்டும். மூன்று பேர், ஐந்து பேர் என்று பிரித்துத் தேடிப் பாருங்கள். மூன்று பேருக்குப் பழைய விலை, மற்றவர்களுக்குப் புதிய விலை என்று வரும். பிரித்து வாங்கலாம். ஆனால் குழந்தையை அம்மா அப்பாவோடு ஒரே பி.என்.ஆரில் போடுங்கள். ஃப்ளைட் நேரத்தை மாற்றினால் ஒவ்வொரு பி.என்.ஆருக்கும் தனித்தனியாகத்தான் மாற்றித் தருவார்கள், குடும்பம் இரண்டாகிவிடும். பத்துப் பேருக்கு மேல் சேர்ந்தால் விமான நிறுவனத்தின் குரூப் புக்கிங்கில் விலை கேளுங்கள். அது எப்போதும் மலிவு என்று சொல்ல மாட்டேன், பெயர்களைப் பிறகு தருவதற்குப் பெரும்பாலும் அவகாசம் கிடைக்கும்.

கிருஷ்ணகிரி, கிரானைட் தொழில் செய்பவர்: அடுத்த ஜூனில் பார்சிலோனாவில் ஏறி ரோமில் இறங்கும் க்ரூஸ். கேபின் போட்டாச்சு. ஷெங்கன் விசா (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) வருவதற்கு முன்னால் ஃப்ளைட் வாங்கலாமா? வாங்காவிட்டால் விலை ஏறிவிடுமே?

இதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். விமான நிறுவனங்கள் சுமார் 11 மாதம் முன்பே விற்பனையைத் திறந்துவிடும். கப்பல் கம்பெனிகளோ ஒன்றரை, இரண்டு வருடம் முன்பே கேபினை விற்கின்றன. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதத்துக்கு முன்னால் விண்ணப்பிக்கவே முடியாது. மூன்று கதவும் வேறு வேறு நாளில் திறக்கின்றன.

விசா கிடைக்கும்வரை பணம் கட்டி டிக்கெட் வாங்க வேண்டாம் என்று தூதரகங்களே சொல்கின்றன, விண்ணப்பத்துக்கு, பணம் கட்டாமல் பிடித்து வைத்த ரிசர்வேஷன் காட்டினால் போதும். அதனால் நான் சொல்லும் வரிசை இது: டிசம்பர், ஜனவரியில் விசாவுக்குப் போய்விடுங்கள். ஏப்ரல், மேயில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பாடு. பிப்ரவரியில் விசா வந்துவிட்டால் ஜூன் ஃப்ளைட்டுக்கு நான்கு மாதம் இருக்கும், அது நல்ல நேரம்தான். விலை அதற்குள் ஏறிவிடும் என்ற பயம் தாங்கவில்லை என்றால், ரத்துக் கட்டணம் குறைந்த டிக்கெட்டைக் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குங்கள். வழியில் ஷெங்கனுக்குள் வராத துருக்கியையோ மொராக்கோவையோ கப்பல் தொட்டால், இங்கேயும் பலமுறை நுழையும் விசா வேண்டும்.

டிக்கெட் தேடும்போது ‘மல்டி சிட்டி’ என்பதில் தேடுங்கள்: போவது பார்சிலோனா, திரும்புவது ரோம். தனித்தனி ஒன்-வே இரண்டு எடுத்தால் நீண்ட தூரத்தில் பெரும்பாலும் விலை கூடும். நடுவில் எங்காவது விமானம் மாறித்தான் ஆக வேண்டும். மொத்தமும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். முதல் ஃப்ளைட் தாமதமாகி அடுத்ததை விட்டால், ஒரே டிக்கெட் என்றால் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. தனி டிக்கெட் என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அப்புறம், ‘ரோம்’ என்று கப்பல்காரர்கள் எழுதினாலும் இறங்குவது சிவிடாவெக்கியா துறைமுகம். ரோம் விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 70 கி.மீ. தள்ளி. காலை 6 மணிக்குக் கரை தொட்டாலும் 11 மணி ஃப்ளைட் போடாதீர்கள். பிற்பகல் 2 மணிக்கு மேல் போடுங்கள், அல்லது ஒரு நாள் தங்கி ஊரைப் பாருங்கள்.

போச்சம்பள்ளி: மகன் அமெரிக்காவில். எங்களை மயாமியிலிருந்து க்ரூஸ் அழைத்துப் போகிறான். கப்பல் கம்பெனியே ஃப்ளைட்டும் போட்டுத் தருமாம். நல்லதா?

கப்பல் கம்பெனி வழியாகப் போட்டால், விமானம் தாமதமானாலும் அடுத்த துறைமுகத்திலாவது உங்களைச் சேர்க்க உதவுவார்கள். வயதானவர்களுக்கு அது பெரிய ஆறுதல். எந்த ஃப்ளைட், எத்தனை இடத்தில் மாற வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மகனே வாங்குகிறார் என்றால் ஒன்று சொல்லுங்கள்: அமெரிக்கா சம்பந்தப்பட்ட ஃப்ளைட்டுகளை விமான நிறுவனத்திடம் நேரடியாக, பயணத்துக்கு 7 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் அபராதமில்லாமல் ரத்து செய்யலாம், அல்லது அதே விலையில் பிடித்து வைக்கலாம். அங்கே அது சட்டம். இந்த ஒரு நாளுக்குள் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு ஒவ்வொரு எழுத்தையும் ஒப்பிட்டுவிடுங்கள். நம் ஊர் இனிஷியலை விரித்து எழுதுவதில்தான் தகராறு வரும்.

அரூர்: செவ்வாய்க்கிழமை நள்ளிரவில், பிரவுசரில் ரகசியப் பக்கம் திறந்து வாங்கினால் மலிவாமே?

தூங்குங்க தம்பி. எந்தக் கிழமை வாங்குகிறோம் என்பதைவிட எந்தக் கிழமை பறக்கிறோம் என்பதில்தான் பணம் மிச்சமாகும்.

பென்னாகரம்: என் மனைவிக்கு ஒகேனக்கல் பரிசலைப் பார்த்தாலே கை நடுங்கும். கடைசி நேரத்தில் வரவில்லை என்பாளோ என்று பயம். ஃப்ளைட் போடலாமா சார்?

கேபினுக்கு முழுப் பணம் கட்ட வேண்டிய கடைசி நாளை முதலில் பாருங்கள். நீண்ட பயணங்களில் பெரும்பாலும் 90 நாள் முன்பாக இருக்கும், குறுகிய பயணங்களில் வேறுபடும். அதற்குமுன் பின்வாங்கினால் இழப்பு குறைவு. அந்த நாளுக்குள் உங்கள் மனைவியிடம் முடிவாகக் கேட்டுவிட்டு, பிறகு ஃப்ளைட் வாங்குங்கள். அதற்குப் பிறகும் ரத்து செய்ய நேர்ந்தால், இந்திய விமான நிறுவனங்கள் எவ்வளவு மலிவான டிக்கெட்டாக இருந்தாலும் வரிகளையும் விமான நிலையக் கட்டணங்களையும் திருப்பித் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள், பலர் கேட்பதே இல்லை. கேபினை கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் கேளுங்கள், ஆட்டம் அங்கேதான் குறைவு.